மழையில் கழற்ற வேண்டிய கம்பி

எலும்பு முறிவு வார்டு, ஆறாம் கட்டில்
28 செப்டம்பர் 1979

ஹிலரி,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

இன்றோடு பத்தொன்பது நாளாக மல்லாந்து கிடக்கிறேன். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. வலது காலில் கயிறு கட்டி, கப்பியில் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீ பார்த்தால் 'இந்தக் கப்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்கணும்' என்பாய். ஆனால் நீதான் பார்க்க வரவே இல்லையே! என்னோடு மில்லில் வேலை செய்கிற பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். பந்தயத் திடலில் டீ வண்டி வைத்திருக்கும் எட்னா, இரண்டு பஸ் மாறி, ஆறிப்போன இறைச்சிப் பேஸ்ட்ரியோடு வந்தாள். ஐந்து வருஷமாக என்னோடு ஒரே காரைப் பாதிக்குப் பாதி வைத்திருப்பவளுக்கு மட்டும் டாட்மோர்டனிலிருந்து பஸ் இல்லை போலிருக்கிறது.

வார்டு போனைத் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். "ஹில், நான்தான்டி" என்றேன். வைத்துவிட்டாய்.

நேற்று நம் கார் பந்தயக் கிளப்பின் செய்தித்தாள் வந்தது. மூன்றாம் பக்கத்தில் உன் திருவாக்கு: 'காரில் எந்தக் கோளாறும் இல்லை. மழையில், வளைவின் நடுவில், ஓட்டியவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். – எச். த்ரெல்ஃபால், மெக்கானிக்.'

ஓட்டியவராம்! எனக்குப் பெயர் இல்லையா? உன் கல்யாணம் நின்றுபோன அன்று உன் கூடவே உட்கார்ந்திருந்தவளுக்கு, ஐந்து வருஷம் உன் அழுக்குக் கையால் சாண்ட்விச் தின்றவளுக்கு, 'ஓட்டியவர்' என்றா பெயர்? எனக்கு நினைவு திரும்புவதற்கு முன்பே நடுவர்களிடம் ஓடிப்போய் இதைச் சொல்லியிருக்கிறாய். அவ்வளவு அவசரம் உனக்கு எதற்கு?

பதில் எழுது. எழுத முடியாதென்றால் அதையாவது எழுது.

நொரீன் ஆஸ்பினால்
(ஓட்டியவர்)


டாட்மோர்டன்
1 அக்டோபர் 1979

நொரீன்,

கேட்டாய், சொல்கிறேன். காலை எடுத்தாயா இல்லையா? எடுத்தாய். நான் வேலியோரம் நின்று என் காதால் கேட்டேன். என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. அடுத்த நொடி வால் சுற்றியது. உன் பக்கக் கதவு போய் மண்மேட்டில் மோதியது. நடந்ததைத்தான் நடுவர்களிடம் சொன்னேன். அதில் எந்த வார்த்தை பொய்?

முதல் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு வளைவுக்கு வெளியே போகும். "இந்த மினி என் பேச்சையே கேக்க மாட்டேங்குதுடி" என்று ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தாய். அதை உன் பேச்சைக் கேட்க வைத்தது யார்? வண்டியைத் தரையோடு இறக்கினேன். முன்சக்கரங்களின் தலையை உள்பக்கமாகச் சாய்த்தேன். ஷாக் அப்சார்பரை ஒவ்வொரு சொடுக்காக இறுக்கி, ஒவ்வொரு சொடுக்குக்கும் உன்னை ஒரு சுற்று அனுப்பி, நோட்டில் எழுதினேன். கடைசியாகத்தான் பின்பக்கக் குறுக்குக் கம்பி. ஆன்டி ரோல் பார். இரண்டு பின்சக்கரத்தையும் அது சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வண்டி சாயாது, மூக்கு உள்ளே வரும்.

அதில் மூன்று துளை வைத்தேன். வெளித்துளையில் மாட்டினால் கம்பி இளகும். உள்துளையில் மாட்டினால் இறுகும். "இன்னும் ஒரு துளை உள்ள போடுடி, இன்னும் திரும்பட்டும்" என்று கேட்டது யார்? நீ. ஒவ்வொரு தடவையும் நான் என்ன சொன்னேன்? "போடறேன். ஆனா வளைவுக்குள்ள பாதியில காலை எடுக்காத. எடுத்தா பின்னாடி இருக்கற எடை முன்னாடி ஓடிடும், வாலு உன்னை முந்திக்கும்." வேதம் போலச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய்.

வண்டி நான் சொன்னபடிதான் நடந்தது. நீதான் நடக்கவில்லை.

ஏன் வரவில்லை என்கிறாய். கார் ஷோரூம் டென்னிஸ் கிளெக்கைக் கேள். அவர் வருவாரே, கையில் பூங்கொத்தோடு.

எச். த்ரெல்ஃபால்


ஆறாம் கட்டில்
5 அக்டோபர் 1979

ஹிலரி,

ஓ, கிளெக்தான் காரணமா? அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் வேறொன்று.

நேற்று என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், கையில் ஒரு பை நிறைய பிளம்ஸ், தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டே நின்றார். வால்டர் டாட்டர்சால். கொடி காட்டுகிற மார்ஷல்களில் ஒருவர். நான் மோதிய ஐந்தாம் வளைவில் நின்றிருந்தவர்.

"அம்மா, நான்தான் ரோட்டுல எறங்கினேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முன்னால் போன காரிலிருந்து சைலன்சர் கழன்று தடத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. மழை. யாராவது ஏறினால் டயர் கிழியும் என்று, கொடியும் காட்டாமல், அதை எடுக்க இவர் ஓடியிருக்கிறார். "நிமிந்து பாக்கறேன், உங்க வண்டி. அவ்ளோதான், முடிஞ்சோம்னு நெனச்சேன். நீங்க காலை எடுத்தீங்க. எடுக்கலன்னா இன்னிக்கு என் பொண்டாட்டி கருப்புத் துணி போட்டிருப்பா." அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் என் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். தான் செய்தது தப்பு என்று பயந்து இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையாம். இப்போது கிளப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. மோதலுக்கு முந்தைய கால் நிமிடம் அதுவரை எனக்கு வெறும் வெள்ளையாக இருந்தது.

ஆக, காலை எடுத்தேன். ஆமாம். இன்னொரு தடவை வந்தாலும் எடுப்பேன். உன் வேதத்தில் மனிதனை இடிக்கச் சொல்லியிருக்கிறதா?

இனி என் கேள்வி. மழை வந்தால் பின் கம்பியைக் கழற்றிவிடுவது உன் வழக்கம். ஈரத்தில் அது பிசாசு என்று நீதான் சொல்வாய். இரண்டு பக்கமும் ஒரு போல்ட், மூன்று நிமிட வேலை. கம்பி இல்லாமல் காலை எடுத்தால் வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். நான்கு வருஷமாக மழையில் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், வால் ஒருநாளும் சுற்றியதில்லை. அன்று ஏன் சுற்றியது?

கம்பியைக் கழற்றினாயா?

நொரீன்


டாட்மோர்டன்
9 அக்டோபர் 1979

நொரீன்,

கழற்றினேன்.

டாட்டர்சால் உயிரோடு இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். அவர் தடத்தில் இறங்கியது எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய முட்டாள்தனத்துக்கு என் வேலையைக் குறை சொல்லாதே. டிப்போவில் இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவில் பதினோரு வருஷமாக பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறேன். ஒரு போல்ட்டை மறந்தாள் என்று ஒருத்தன் சொன்னதில்லை. சொல்லக் காத்திருப்பவர்கள் இருபத்திரண்டு பேரும்தான். அவர்கள் வாய்க்கு என்னைத் தீனியாகப் போடப் பார்க்கிறாயா?

கிளெக் விஷயத்துக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. நானே வருகிறேன். அடுத்த வருஷம் அவருடைய ஷோரூம் அணிக்கு ஓட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். ஆகஸ்டிலேயே! அதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? எட்னா. டீயை ஊற்றிக்கொண்டே, "நொரீன் கிளெக்கோட போறாளாமே, நீயும் போறியா கண்ணு?" என்று கேட்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழு பேர். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இனி எழுதாதே.

ஹிலரி


ஆறாம் கட்டில்
13 அக்டோபர் 1979

ஹிலரி,

எழுதுவேன். எழுந்து வந்து உன் கழுத்தைப் பிடிக்க முடியாதவள் வேறென்ன செய்வது?

ஆமாம், கையெழுத்துப் போட்டேன். கிளெக் புது வண்டி, புது என்ஜின், மூன்று மெக்கானிக் என்றார். "எங்கூட ஹிலரி வருவா" என்றேன். அவர் சிரித்தார். "ஓட்டறது பொம்பளன்னா பேப்பர்ல போட்டோ வரும். ஸ்பேனர் புடிக்கறதும் பொம்பளன்னா சிரிப்புதான் வரும். பசங்க இருக்காங்க, விடுங்க." நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். எனக்கு முப்பத்தாறு வயது, ஹில். இன்னும் எத்தனை வருஷம் ஒரு சின்ன மினியைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளூர்க் கோப்பைக்கு அலைவது என்று நினைத்தேன். உன்னிடம் சொல்ல மூன்று தடவை ஷெட்டுக்கு வந்தேன். மூன்று தடவையும் நீ வண்டிக்கு அடியில் இருந்தாய். உன் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோழைத்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்வது எப்படி என்று உனக்குக் காட்டிவிட்டேன். இப்போது உன் முறை.

நொறுங்கிய வண்டி உன் ஷெட்டில்தான் கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாய் என்று எட்னா சொன்னாள். பின்பக்கம் அடிபடவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை. படுத்து, அடியில் போய், பார். பார்த்ததை எழுது. கம்பி கழன்று இருந்தால் இந்தக் கட்டிலிலிருந்தே உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கிளப் செய்தித்தாளிலும் போடச் சொல்கிறேன்.

பார்க்க மாட்டேன் என்றால், அதுவே பதில்.

நொரீன்


டாட்மோர்டன்
21 அக்டோபர் 1979, ஞாயிறு

நொரீன்,

இன்று காலை தார்ப்பாயை எடுத்தேன். பலகையைப் போட்டு அடியில் போனேன்.

கம்பி மாட்டித்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும், உள்துளையில். நட்டின் மேல் நான் வைக்கிற மஞ்சள் பெயின்ட் கோடு அசையாமல் இருக்கிறது. யாரும் அதைத் தொடவே இல்லை.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

'கழற்றினேன்' என்று எழுதியது பொய். எழுதும்போதே தெரியும். மறந்துபோனது என்றும் இப்போது எழுதலாம், நீ நம்பிவிடுவாய். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

நடந்தது இது. இரண்டு மணிக்குத் தூறல் விழுந்தது. பதினேழு நம்பர் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு டீ குடிப்போம் என்று போனேன். எட்னா சொன்னது அப்போதுதான். ஸ்பேனரோடு நேராகக் கிளெக்கின் லாரிக்குப் போனேன். "நெசமா மிஸ்டர் கிளெக்?" என்று கேட்டேன். "ஏன், அவ சொல்லலியா?" என்றார். அவருடைய மூன்று பையன்களும் என் கையைப் பார்த்தார்கள். ஒருத்தன், "அந்த ஸ்பேனர் அளவு சரிதானான்னு பாத்துக்கம்மா" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நீ உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியிருந்தாய். மழை நன்றாகப் பிடித்துவிட்டது. கண்ணாடியை இறக்கி, "கம்பி ஆச்சா?" என்று கேட்டாய். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மூன்று நிமிட வேலை.

"ஆச்சு, போ" என்றேன்.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது என்று இந்த ஆறு வாரமும் கிளறிப் பார்த்துவிட்டேன். நீ அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. அதை நம்பு, நம்பாமல் போ. வால் கொஞ்சம் ஆடட்டும், இவள் பயப்படட்டும், கிளெக்குக்கு முன்னால் கடைசியாக வரட்டும் என்று நினைத்தேன். நான் இல்லாமல் இவள் ஒன்றுமில்லை என்று அந்த நான்கு பேரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். காலை எடுக்க மாட்டாய் என்று நம்பினேன். நான் சொல்லிக்கொடுத்ததை நீ மீற மாட்டாய் என்று.

உன்னைத் தூக்கிப் போன பிறகு நடுவர் வந்து, "வண்டியில ஏதாவது?" என்று கேட்டார். வாய் தானாகப் பேசியது. உன்னைப் பார்க்க வராததற்கும் காரணம் கிளெக் இல்லை. வந்தால் நீ 'கம்பி?' என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவை என்னால் 'ஆச்சு' என்று சொல்ல முடியாது.

மன்னிப்பு என்ற வார்த்தையை இங்கே எழுதினால் அது இந்தத் தாளைவிட மெல்லியதாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

ஹில்


டாட்மோர்டன்
4 நவம்பர் 1979

நொரீன்,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. இதைத் தெரிவிக்க மட்டும்.

கிளப்புக்கு எழுதிவிட்டேன். 'கம்பியைக் கழற்றினேன் என்று சொல்லிக் கழற்றாமல் அனுப்பியது நான். தவறு ஓட்டியவருடையது அல்ல, நொரீன் ஆஸ்பினாலுடையது அல்ல' என்று. போடுவதாகச் சொன்னார்கள். என் மெக்கானிக் அட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டேன். டிப்போவில் தெரிந்துவிட்டது. பேச்சு நின்றிருக்கிறது. நான் போனால் டீ அறை காலியாகிறது. அது பரவாயில்லை.

நாளை நீ வீட்டுக்குப் போவதாக எட்னா சொன்னாள். படியில் பார்த்து ஏறு.

ஹிலரி


கோல்ன்
18 நவம்பர் 1979

ஹில்,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்ததும், தண்ணீர் ஜக்கை எடுத்து எறிந்தேன். கப்பியில் கட்டிய காலோடு எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம். நான் வீட்டுக்குக் கிளம்பும் வரை எதிர்க்கட்டில் கிழவி என்னைப் பார்த்தாலே போர்வையை இழுத்துக்கொண்டாள். உன்னைச் சொல்லாத வார்த்தை இல்லை. அன்றே எழுதியிருந்தால் தபால்காரனுக்குக் கை வெந்திருக்கும்.

அதனால் எழுதவில்லை என்று நினைக்காதே. எழுத உட்காரும்போதெல்லாம் வேறொன்று குறுக்கே வந்து நின்றது. அதைச் சொல்லாமல் உன்னைத் திட்ட முடியவில்லை. சொல்லிவிட்டால் திட்ட வாய் இல்லை. நாலு வாரம் அதை மென்றுகொண்டிருந்தேன்.

ஹில், எனக்குத் தெரியும்.

முதல் சுற்றின் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தவள் நான். என் முதுகுத்தண்டுதான் உன் கம்பிக்கு அளவுகோல். கழற்றியிருந்தால் வண்டி சோம்பலாகச் சாய்ந்து, யோசித்துத் திரும்பும். அன்று சாயவே இல்லை. பின்பக்கம் இறுகிப்போய், வெடுக்கென்று துள்ளியது. மாட்டித்தான் இருக்கிறது என்று அந்த நொடியே தெரியும். 'ஆச்சு, போ' என்ற உன் குரலும் நினைவுக்கு வந்தது. எட்னா கடையிலிருந்து நீ கிளெக் லாரிக்கு நடந்ததை நான் வண்டிக்குள்ளிருந்தே பார்த்திருந்தேன். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

அந்தச் சுற்றின் முடிவில் உள்ளே வந்திருக்கலாம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரம் கட்டியிருக்கலாம். நான்கு சுற்று ஓட்டினேன், ஹில். நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் உன்னைக் கடந்து போனேன், நீ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். 'பாக்கறேன்டி, உன் கம்பியோடவே ஜெயிச்சுக் காட்டறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போனேன். மூன்றாம் இடத்தில் இருந்தேன், தெரியுமா? அப்போதுதான் அந்த மஞ்சள் கோட்டு.

உன்னுடைய மூன்று நிமிடம் ஒரு பக்கம். என்னுடைய நான்கு சுற்று மறுபக்கம். நடுவில், பாவம், சைலன்சரை எடுக்கப் போன ஒரு மனிதர். அவர் செத்திருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கொன்றிருப்போம். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இது தெரிந்தும் 'கம்பியைக் கழற்றினாயா?' என்று அப்பாவி போல உன்னைக் கேட்டேன். உன்னை அடியில் படுக்க வைத்தேன். உன் வாயிலிருந்து வரவேண்டும் என்று ஆசை. வந்தது. நீ டீ அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். நான் வீரப்பெண்ணாகி எட்னாவின் பேஸ்ட்ரியைத் தின்றுகொண்டிருந்தேன். இதைக் கிளப்புக்கும் எழுதியிருக்கிறேன். இந்த மாதம் செய்தித்தாளுக்குப் பக்கம் போதாது.

கிளெக் வேறொருத்தியைப் பிடித்துவிட்டார். பூங்கொத்து வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. டாக்டர் இனிமேல் வலது கால் ஒரு அங்குலம் குட்டை என்கிறார். தரையில் ஊன்றும்போதெல்லாம் உன் பெயர்தான் வாயில் வருகிறது, அதோடு என் பெயரும். அந்த வண்டியில் இனி நான் ஏற மாட்டேன். நிமிர்த்துவதோ, உடைத்துப் போடுவதோ, உன் இஷ்டம். என்னிடம் கேட்காதே.

நீ வருவதானால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா. கதவைத் தட்டு. இரண்டு ஊன்றுகோலோடு நான் வந்து திறக்க நாலு நிமிடம் ஆகும். ஆள் இல்லை என்று போய்விடாதே, நில். திறந்த பிறகு திட்டுவேன். அதற்கும் நில்.

நொரீன்